கோலுக்குப் பின்னால் நின்றவனுக்கு

என் உயிரான மீரானே, கிரவுண்டில் ஒருநாளும் உட்காராத என் மாப்பிள்ளையே,

"நலம், நலமறிய அவா" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உன் நலத்தை நீ பார்த்துக்கொண்ட லட்சணம் புஜைரா முழுக்கத் தெரியுமே. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். ஒரு வருடமாக ஆறாத கோபம்.

நம் பழைய மாணவர் சங்கம் உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறது. வழவழப்பான தாள், அட்டையில் உன் படம். அதில் அரைப்பக்கம் எழுதித் தரச்சொல்லி செயலாளர் என் பேஜரைக் கத்தவிட்டுக்கொண்டே இருந்தார். திரும்பக் கூப்பிட்டால், "செல்வம், கொஞ்சம் டீசண்டா எழுதுங்க, ஃபேமிலியெல்லாம் படிப்பாங்க" என்கிறார். டீசண்டாக எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே 'அன்னார்' என்று வந்து விழுந்தது. நீ அன்னாரா? கிழித்துப் போட்டேன். இந்தக் கடிதம் அந்த மலருக்கு இல்லை. நம் மூன்றாவது கூட்டாளி பாருக், மஸ்கட் ரூவியில் தன் துணிக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறான். உன் கம்பெனி லேபர் கேம்ப் மெஸ் சுவரில் ஒன்று ஒட்டுவோம். படிக்கிறவன் படிக்கட்டும்.

அந்த அட்டைப்படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்து, ஸ்டூடியோக்காரன் அதற்குக் கீழே யாருடையதோ ஒரு கோட்டும் டையும் ஒட்டிவிட்டான். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பார்த்தால் லோன் தரமாட்டேன் என்று சொல்லும் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கிறாய். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன்னிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன் பார், அப்போதுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

வெளியாள் படித்தாலும் புரிய வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். நம் கல்லூரி உப்பளத்தை ஒட்டி இருந்தது. அதனால் ஊரில் அதற்கு உப்புக் கல்லூரி என்றே பெயர். ஆற்றங்கரையில் இருந்த இன்னொரு கல்லூரியோடு நமக்கு வருடத்துக்கு ஒரு கால்பந்து மேட்ச். ஆற்றுக்காரர்களுக்குப் புல் மைதானம், பூட்ஸ், கோச் எல்லாம் உண்டு. நமக்குக் கண்ணைக் கரிக்கும் காற்று மட்டும் உண்டு. நீ, நான், பாருக் மூன்று பேருக்கும் ஆடத் தெரியாது. ஆனால் மேட்ச் பார்ப்பதில் நம்மை அடிக்க ஆள் கிடையாது.

முதல் வருடம் கோட்டோரமாக நின்று ஆஃப்சைடுக்காக லைன்ஸ்மேனோடு மல்லுக்கு நின்றாய். அவர் நம் பொருளாதார வாத்தியார் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அங்கிருந்து உன்னை விரட்டினார்கள். நீ நேராகப் போய் எதிரணி கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டாய். உன்னைத் தனியாக விட மனமில்லாமல் நாங்களும் வந்தோம். அங்கே நிழல் இல்லை, உப்பள வரப்பு காலைச் சுட்டது. ஆனால் கோல்கீப்பர் நமக்கு முன்னால் நாலு எட்டில் நின்றான். நாம் முணுமுணுத்தாலும் அவன் காதில் விழும். இதைவிட நல்ல இடம் கிரவுண்டில் இல்லை என்று அன்றே கண்டுபிடித்துவிட்டாய்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறுமே, அப்போது கேண்டீனில் கிடந்த காலி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அடுத்த கோலுக்கு நடந்தாய். பிரின்சிபால், சிறப்பு விருந்தினர், பெண்கள் உட்கார்ந்திருந்த பந்தல், எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்றே பேர் போன ஊர்வலம். அடுத்த வருடம் ஹாஸ்டலே பின்னால் வந்தது. நீ போட்ட சட்டம் இரண்டுதான். கடைசி விசில்வரை யாரும் உட்காரக்கூடாது. எத்தனை கோல் வாங்கியிருந்தாலும் ஊர்வலம் உண்டு.

அந்த இடத்துக்கு ஒரே ஒரு குறை. பந்து தட்டப்படும்போது ஃபார்வர்ட் டிஃபண்டரைத் தாண்டி நின்றானா, அதாவது ஆஃப்சைடா என்பது கோலுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியாது. பக்கவாட்டில் நிற்பவனுக்குத்தான் அது தெரியும். அதனாலேயே ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும் ஹாஸ்டல் மெஸ்ஸில் சோற்றுப் பருக்கையை டிஃபண்டராக வைத்து, ஊறுகாயை ஃபார்வர்டாக வைத்து நீ சண்டை போட்டாய். ஒரு சண்டையாவது தீர்ந்ததா?

படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் வளைகுடா விசா வந்தது. நீ புஜைராவில் எண்ணெய் டேங்க் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், நான் துறைமுகத்துக்கு எதிரே ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க், பாருக் ரூவியில் கடை. குவைத் சண்டை ஓய்ந்த மறுவருடம், இங்கே இருந்த ஆற்றுக்காரர்களைத் தேடிப் பிடித்து மேட்சுக்கு இழுத்தது நீதான். டேங்குகளுக்கு அந்தப்பக்கம், மொட்டை மலைக்குக் கீழே ஒரு மண் தரை. கேம்ப் வெல்டர்கள் பழைய பைப்பில் கோல் கம்பம் செய்து தந்தார்கள். மீன்பிடித் துறையில் கிழிந்த வலை வாங்கி நீயே முடிச்சுப் போட்டாய். குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் மேட்ச். ஏன் வெள்ளிக்கிழமை என்றால் அன்றைக்குத்தான் கேம்ப் ஆட்களுக்கு லீவ்.

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் ஹல்வா ருசி வருகிறது. பாருக் விடியற்காலையில் கிளம்பி, பார்டரில் காத்துக்கிடந்து, மஸ்கட் ஹல்வாவும் பிளாஸ்க் நிறைய சுலைமானி டீயுமாக வந்து சேருவான். வந்ததும் அவனுடைய தொப்பையை நீ தட்டிப் பார்ப்பாய். டேங்க் பக்கமிருந்து எண்ணெய் நாற்றமும் கடலிலிருந்து மீன் நாற்றமும் மாறி மாறி வரும். சுண்ணாம்புக் கோட்டைக் காற்று அழித்துவிடும், நாலு பேர் ஓடிப்போய் மறுபடி போடுவார்கள். நாற்பதை நெருங்கும் ஆட்கள் தொந்தியைத் தூக்கிக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் மாப்ள எனக்குச் சம்பளம். மற்றதெல்லாம் ஊருக்கு அனுப்பியது.

கேம்ப் ஆட்கள் முதல் வருடம் சும்மா வேடிக்கை பார்க்க வந்தார்கள். சிவகங்கைப் பக்கத்து மாரிமுத்து, பைப் ஃபிட்டர், உன் ரூம்மேட், தூரமாகவே குந்தியிருந்தான். நீ அவனைக் கையைப் பிடித்து எழுப்பி கோலுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாய். "நான் பத்தாவதே தாண்டல பாய், இது காலேஜ் மேட்ச்சுல்ல" என்று அவன் கூச்சப்பட்டான். "இங்கன நிக்கிறவன் எல்லாம் நம்ம காலேஜ்தான்டா. நல்லாக் கத்து" என்றாய். அடுத்த வருடம் அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கேம்பையே கூட்டிக்கொண்டு வந்தான். சலூனில் யாரோ எந்தக் காலேஜ் என்று கேட்டதற்கு உப்புக் கல்லூரி என்று பதில் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு நீ எத்தனை நாள் குதித்தாய்.

நாம் கத்தியதெல்லாம் ஒரு ஆள் தலையில்தான் விழுந்தது. ஆற்றுக்காரர்களின் கோல்கீப்பர் வில்சன், நமக்கு இரண்டு வருடம் ஜூனியர், துபாயில் ஏசி மெக்கானிக். பாதி மேட்ச்தான் அவன் நம் பக்கம் நிற்பான், இடைவேளைக்குப் பிறகு ஊர்வலமாக அவனிடமே போய்ச் சேருவோம். அவன் சமையல், அவன் கிளவுஸ், அவனுக்கு வராத பெண், எதையும் நீ விட்டுவைக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆன வருடம் ஒரு ஸ்வீட் பாக்கெட்டைக் கோல் கம்பத்தடியில் வைத்துவிட்டு, "இத மட்டுமாவது கைநழுவ விடாம புடி வில்சா" என்றாய். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நம் ஆள் அடித்த பந்து வெளியே போனது. அதையும் அவன் தடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டான். வருடா வருடம் நாம்தான் தோற்றோம். வருடா வருடம் நாம்தான் அதிகம் சிரித்தோம்.

சரி, இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. போன வருட மேட்சுக்கு முந்தைய வாரமே வலித்திருக்கிறது. ஸ்டோரில் பெட்டி தூக்கும்போது வேர்த்துக் கொட்டியிருக்கிறது. நீ அதற்கு என்ன பெயர் வைத்தாய்? கேஸ். நம் ஊர்க்காரனுக்கு இடது பக்கம் வலித்தாலும் கேஸ், வலது பக்கம் வலித்தாலும் கேஸ். மாரிமுத்துவிடம் ஓமத்தண்ணி கேட்டுக் குடித்திருக்கிறாய். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாய். எம்.ஏ. படித்த முட்டாளே, ஏப்பம் வந்தால் இதயம் சரியாகிவிடுமா?

கடைசியில் மாரிமுத்துதான் உன்னை சூக் கடைத்தெருப் பக்கத்து கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்த மலையாளி டாக்டர், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றிருக்கிறார். நீ தலையை ஆட்டிவிட்டு கேம்புக்குத் திரும்பியிருக்கிறாய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனிக்கு ரிப்போர்ட் போகும், அன்ஃபிட் என்று எழுதினால் விசா கொடுத்த கஃபீல் அதை கேன்சல் செய்து அடுத்த ஃபிளைட்டில் ஏற்றிவிடுவான், அதுதானே உன் பயம்? அந்தப் பயம் இங்கே எவனுக்கு இல்லை? மூட்டு வலியை, சர்க்கரையை, இருமலை எல்லாவற்றையும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் நாம் டியூட்டிக்குப் போகிறோம். ஆளை ஃபிட்டா அன்ஃபிட்டா என்று மட்டும் பார்க்கிற அந்தக் கம்பெனியை நான் மன்னிக்க மாட்டேன். நீ போய் நாற்பது நாள் ஆகும் முன்னாலேயே உன் கட்டிலில் புது ஆளைப் படுக்கவைத்தார்கள். ஆனால் உன்னையும் மன்னிக்க மாட்டேன். "வெள்ளிக்கிழமை மேட்ச் முடியட்டும், சனிக்கிழமை போறேன், யார்ட்டயும் சொல்லாத" என்று மாரிமுத்துவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். செல்வத்துக்கிட்டயும் சொல்லாத என்று தனியாகச் சொல்லியிருக்கிறாய். ஏன் மாப்ள? உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன் என்று தெரியும், அதனால்தானே?

அன்றைக்கு இடைவேளை ஊர்வலத்தில் டின்னை மாரிமுத்துவிடம் கொடுத்தாய். கை கடுக்குது, நீ தட்டு என்றாய். அத்தனை வருடத்தில் அந்த டின் இன்னொருவன் கைக்குப் போனது அதுதான் முதல் தடவை. வயசாகிவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம், நீயும் சிரித்தாய். இரண்டாம் பாதி தொடங்கியதும் பாருக்கிடம் சாவியை வாங்கிக்கொண்டு, சோடா ஒன்றையும் எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாய். வெயிலுக்குப் பயந்து கார் கடலைப் பார்த்து நின்றது. மேட்ச் உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது. நீ உட்கார்ந்தாய் என்பதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அப்புறம் அது நடந்தது. கோலே விழாத மேட்ச், முடியப்போகிற நேரம். நம் லெஃப்ட் விங் ஆள், மூச்சு வாங்குகிற தொந்திக்காரன், எப்படியோ பந்தை உள்ளே தள்ளிவிட்டான். வில்சன் கையைத் தூக்கிக்கொண்டு ஆஃப்சைடு, ஆஃப்சைடு என்று ஓடினான். ரெஃப்ரியாக இருந்த கிரேன் டிரைவர், அந்தப் பாகிஸ்தானி, லைன்ஸ்மேனிடம் போனார். நான் காருக்கு ஓடி வந்தேன். கோல்டா மாப்ள, கோல், என்று கத்திக்கொண்டே வந்தேன். நீ கண்ணாடியை இறக்கியிருந்தாய். முகமெல்லாம் வேர்வை. சந்தோஷம் என்றுகூடச் சொல்லவில்லை நீ.

"ஆஃப்சைடு இல்லையே மச்சான்?" என்று கேட்டாய்.

"இரு, பாத்துட்டு வாரேன்" என்று திரும்பி ஓடினேன்.

ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டினார். கோல்தான். நம் ஆட்கள் மண்ணை வாரி இறைத்தார்கள், மாரிமுத்து டின் நசுங்கும் அளவுக்கு அடித்தான். நான் உன்னிடம் வந்தபோது உன் தலை சீட்டில் சாய்ந்திருந்தது. சோடா உன் மடியில் கொட்டியிருந்தது. பாருக் அந்த மண் ரோட்டில் காரை ஓட்டிய ஓட்டத்தில் நாங்களும் செத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எகிப்து டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

மறுநாள் ஜனாஸா, அடக்கம். நம் கல்லூரி ஜெயித்ததைப் பற்றி ஒருவனும் பேசவில்லை. ஆற்றுக்காரர்கள்கூட வந்து தோள் கொடுத்தார்கள். ஊரில் உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்குப் போன் போட்டபோது அவள் அழவில்லை, திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள். "அவங்க பாக்கத்தானேண்ணே போனாங்க? ஆடப் போகலியே? பாக்கப் போனவங்களுக்கு எப்படிண்ணே?" நீ சொல்லு. பதில் சொல்ல வேண்டியவன் நீதான்.

மாரிமுத்துவோடு பல நாள் நான் பேசவில்லை. பிறகு அவன் அறைக்குப் போனேன். ஓமத்தண்ணி பாட்டிலை இன்னும் வைத்திருந்தான். "பாய் சத்தியம் வாங்கிட்டாருண்ணே" என்று மட்டும் சொன்னான். அவனிடம் கோபப்பட்டு என்ன செய்ய? அவன் கணக்கையும் உன் தலையிலேயே எழுதிவிட்டேன்.

இந்த வருடம் சங்கம் உன் பெயரில் நினைவுக் கோப்பை என்றது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. துபாயில் ஒரு ஹோட்டல் மாடியில் மீட்டிங். செயலாளரை உனக்குத் தெரியும், நமக்கு சீனியர், டிராவல்ஸ் வைத்திருக்கிறார், கிரவுண்டில் கால் வைத்தால் பேண்ட்டை மடித்துவிடுவாரே அவர்தான். மேட்ச் இனி துபாயில், ஒரு கிளப்பின் புல் மைதானத்தில், லைட் வெளிச்சத்தில் என்றார். வியாழக்கிழமை சாயங்காலம். பாஸ் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. நாற்காலி, ஃபேமிலிக்குத் தனி இடம், சிறப்பு விருந்தினர். கோலுக்குப் பின்னால் ஸ்பான்சர் போர்டு. இடைவேளையில் மௌன அஞ்சலி.

கேம்ப் ஆட்கள் வியாழக்கிழமை டியூட்டியில் இருப்பார்களே, புஜைராவிலிருந்து எப்படி வருவார்கள் என்று கேட்டேன். "அவங்க நம்ம ஸ்டூடண்ட்ஸ் இல்லையே செல்வம்" என்றார். குரலில் ஒரு கெடுதலும் இல்லை, டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். ஊர்வலம் என்றேன். மீரான் பேருக்கு ஒரு டிக்னிட்டி வேண்டாமா, டின்னைத் தட்டிக்கொண்டு எப்படி என்றார். உன்னைப் புதைத்தபோது ஒரு பிடி மண் போட்டேனே, அப்போதுகூட எனக்கு இப்படி ஆத்திரம் வரவில்லை மாப்ள. பாருக்கும் நானும் வேண்டாம் என்று கை தூக்கினோம். மற்றவர்கள் பிரியாணி வந்துகொண்டிருந்த பக்கம் பார்த்தார்கள். அவ்வளவுதான், கலாஸ்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. நம் ஆட்டம் நின்றுபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆடுகிறவன் எல்லாம் அங்கே போய்விட்டால் இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் பாருக் வந்து நின்றான், ஹல்வாவும் பிளாஸ்க்குமாக. "என்னடா பண்றது, கை பழகிப்போச்சு" என்றான். ஜும்ஆ முடித்து அவன் வந்ததும் இரண்டு பேரும் டின்னை எடுத்துக்கொண்டு மண் மைதானத்துக்குப் போனோம். சும்மா நின்றுவிட்டு வரலாம் என்று.

அங்கே மாரிமுத்து இருந்தான். கேம்ப் முழுக்க இருந்தது. பவுடர், எண்ணெய், இஸ்திரிச் சட்டை. காற்றில் சாய்ந்திருந்த கம்பத்தை வெல்டர்கள் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். கிழிந்த வலையை இரண்டு பேர் உன்னை மாதிரியே பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்கள். துபாயில் மேட்ச் நடந்துவிட்டது, இங்கே ஆட ஆள் இல்லை என்று நான் மாரிமுத்துவிடம் சொன்னேன். "நாங்க இருக்கோம்லண்ணே" என்றான். பிறகு அங்கே ஒரே தகராறு. எவனும் ஆற்றுக்காரனாக இருக்க ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் உப்புக் கல்லூரிதான் வேண்டுமாம். பாருக் காசு சுண்டித்தான் தீர்த்துவைத்தான். பூ விழுந்த பக்கம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது.

ஆட்டம் தொடங்கவில்லை, அதற்குள் ஒரு டாக்ஸி வந்து நின்றது. வில்சன் இறங்கினான். அவன் பின்னால் ஆற்றுக்காரர்கள் மூன்று பேர், நம்மவர்களில் அந்தத் தொந்திக்கார லெஃப்ட் விங். முந்தின நாள் ஆடிய களைப்பில் எல்லாரும் நொண்டிக்கொண்டு வந்தார்கள். வில்சன் யாரிடமும் எதுவும் கேட்காமல் கிளவுஸை மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனான்.

நாங்கள் அவன் பின்னால் போய் நின்றோம். ஆனால் ஒருவர் வாயிலும் பேச்சில்லை. எப்போதும் முதல் வார்த்தை உன்னுடையதுதானே, எங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான் வில்சன். பிறகு திரும்பினான். "என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா? நேத்து அங்கன ஒரு ஆளு பின்னால இல்ல. போர்டு மட்டும் நிக்கி. எனக்கு ஆடவே ஓடல" என்றான். மௌன அஞ்சலியில் நின்றானாம். சிறப்பு விருந்தினர் உன்னைப் பற்றி, அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றாராம். அதைச் சொல்லும்போது வில்சனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "மீரான் அண்ணன நான் கேக்காத பேச்சா" என்றான்.

மாரிமுத்துதான் தொடங்கினான். உன் பழைய வசனத்தையே எடுத்தான். வில்சா, இத மட்டுமாவது புடி. அவ்வளவுதான், கேம்ப் மொத்தமும் பிடித்துக்கொண்டது. அவன் சமையல், அவன் கிளவுஸ், இப்போது அவன் மாமியார்வரை போய்விட்டார்கள். நானும் கத்தினேன். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் வில்சன் தலையில்தான் இறங்கியது. பாவம், வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொள்ளத்தானே டாக்ஸி பிடித்து வந்திருந்தான்.

இடைவேளையில் ஊர்வலம் போனோம். டின்னை நான் தட்டினேன். பந்தல் இல்லை, பிரின்சிபால் இல்லை, டேங்குகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. பாருக் கார் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்ததும் எல்லாரும் தானாகவே அடங்கினார்கள். மாரிமுத்து என் கையை இடித்து, "தட்டுங்கண்ணே, நிப்பாட்டாதீங்க" என்றான். தட்டினேன்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் அந்தப்பக்கமே நடந்தது. வில்சனுக்கு வேலை இல்லை. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, பந்தைப் பார்த்தபடி, திரும்பாமலே என்னிடம் பேசினான். இந்த ஒரு வருடமும் எங்கே பார்த்தாலும் உங்க கோலு ஆஃப்சைடு கோலு என்று என்னிடம் சண்டை போட்டவன் அவன்.

"அண்ணே, போன வருசத்துக் கோலு ஆஃப்சைடு இல்லண்ணே. எங்க பேக் ஒருத்தன் என்னைய ஒட்டி, கம்பத்துக்கிட்ட நின்னான். நான்தான் பாத்தேன்."

பின்னே ஏன்லே கையைத் தூக்கினாய் என்று கேட்டேன்.

"கீப்பர்னா தூக்கத்தானண்ணே செய்வான்" என்றான். கிளவுஸால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஆஃப்சைடான்னு அவரு கேட்டுட்டே போனாருன்னு பாருக் அண்ணன் நேத்துத்தான் போன்ல சொன்னாரு. அதான் வந்தேன்."

கேட்டாயா மாப்ள? நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், அந்த வார்த்தையை அவன் உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பான். நீ அவனை ஆயுளுக்கும் விட்டிருக்க மாட்டாய். சோற்றுப் பருக்கையையும் ஊறுகாயையும் வைத்து அந்தக் கோலை நீ எத்தனை தடவை எனக்குக் காட்டியிருப்பாய். அதை எல்லாம் எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இப்போதும் அதுதான் வருகிறது.

அடுத்த வருடமும் வெள்ளிக்கிழமைதான், அந்த மண் மைதானம்தான். ஆற்றுக்காரர்கள் பாதிப் பேர் இங்கேயே வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோட்டு போட்ட உன்னை அவர்கள் துபாயிலேயே வைத்துக்கொள்ளட்டும். இங்கே நான் நிற்பேன், உட்கார மாட்டேன். டின் என் கையில் இருக்கும், என் கை கடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவேன், அன்ஃபிட் என்று எழுதி அனுப்பினால் அனுப்பட்டும். மாரிமுத்துவையும் போகவைப்பேன். இந்தச் சத்தியத்தை உன்மேல் கோபமாகத்தான் செய்கிறேன்.

இரு, பாத்துட்டு வாரேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா? பாத்துட்டு வந்துட்டேன் மாப்ள. ஆஃப்சைடு இல்ல.

கோபம் தீராத உன் மச்சான்,
செல்வம்